முடிவைச் சொன்ன டீச்சர்

கொக்குவில் தாண்டியும் பஸ்ஸில் ஒரே சீற்றில் இருந்த இரண்டு ஐந்தாம் வகுப்பு ஆசிரியைகள் கண்டக்டர் வழியாகத்தான் கதைத்தார்கள்.

“அண்ணை, நான் இவவோடை கோவமெண்டு இவவிட்டைச் சொல்லுங்கோ.”

“ஏன் டீச்சர்?”

“சண்டை பிடிச்ச ரெண்டு சிநேகிதியளைப் பற்றின நாவல், ரெண்டு வகுப்புக்கும் வாசிக்கிறம். இவ என்ரை பிள்ளையளுக்கும் முடிவைச் சொல்லிப்போட்டா. நாளைக்குக் கடைசி அத்தியாயம். நான் இனி என்னத்தைப் படிப்பிக்கிறது?”

“அந்தச் சண்டையைக் கேட்டுப் பிள்ளையள் அழுதவை அண்ணை. பாவம் பாத்துத்தான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ,” என்றார் யன்னலோரத்து ஆசிரியை.

கண்டக்டர் டிக்கெற் கிழிப்பதையே மறந்துவிட்டார்.

“அதுசரி, கடைசியிலை அந்த ரெண்டு பெட்டையளும் திரும்ப நேசமாகினவையோ?”

“அது அண்ணை, கடைசியிலை...”

கோபக்கார ஆசிரியை பாய்ந்து யன்னலோரத்து ஆசிரியையின் வாயைப் பொத்தினார்.

“சொல்லாதையடி! இந்த அண்ணையாவது வாசிக்கட்டும்.”