வோட்டுப் போடாமல் வந்தவர்

"இதென்ன ஆனையிறவுச் சென்றியே, ஐ.சி. இல்லையெண்டு ஆமி திருப்பிவிட்ட மாதிரிப் பேசாமல் திரும்பி வாறதுக்கு?"

பார்லிமென்ற் வீதி பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் தன் கணவரிடம் கேட்டது இது. நகரசபைத் தேர்தல் நாள், பின்னேரம். பஸ்ஸில் இன்னும் நாலு பேருக்குத் தமிழ் விளங்கும் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"வோட்டுச் சீட்டுக் குடுக்கிறவள் சிற்றிசன் காட் கேட்டவள். நான் கொண்டுபோகேல்லை. வந்திட்டன்."

"வரிசையிலை உங்களுக்கு முன்னுக்கு நிண்ட வெள்ளைக்காரனிட்டைக் கேட்டவளோ?"

"இல்லை. அவர் பேரைச் சொன்னார், சீட்டைக் குடுத்தவள்."

"நீங்களும் பேரைச் சொன்னனீங்கள்தானே?"

"விலாசமும் சொன்னனான்."

"பின்னையேன் வந்தனீங்கள்? அவனுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமோ எண்டு கேக்க வாயில்லையோ?"

"சண்டை பிடிச்சு என்ன செய்யிறது? இப்ப வீட்டிலையிருந்து எடுத்துவந்த காட் இருக்குத்தானே, காட்டிப்போட்டு வோட்டுப் போடுவம்."

"அங்க ஆமிக்கு முன்னாலை ஐ.சி. அட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டது காணாதே? இஞ்சயும் அதைத்தான் செய்யப்போறியளோ?"

மனைவி மணிக்கயிற்றை இழுத்தார். பள்ளிக்கூட வாசலில் வாக்களிப்பவர்களின் வரிசை தெரிந்தது. இறங்குவதற்கு எழும்பிய கணவர், ஒருவரும் கேட்காமலே ஜக்கெற் பையிலிருந்து அட்டையை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"உதை உள்ளுக்கை வையுங்கோ," என்றார் மனைவி. "முன்னுக்கு நிக்கிறவனிட்டையும் கேட்டால் எடுங்கோ."