உள்ளிருந்து இரண்டு தட்டு

மாலை ஆறே முக்கால். எரிமலைப் பக்கமிருந்து ஹீலோ டவுனுக்கு இறங்கும் சாலை. முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை... மூடுபனி மட்டும். எல்ரோய் தன் பழைய வேனில் தனியாக வந்துகொண்டிருந்தான். பக்கத்து இருக்கையில் ஒரு உகுலேலே, நாலு தந்தி வைத்த குட்டி கிட்டார். அவ்வளவுதான்.

இந்த எல்ரோய் மெல்வினின் பெரியப்பா மகன். மெல்வின் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், பொய்யென்றால் அவனே சொல்லட்டும். கதவை யாராவது சாத்துங்கள், சாரல் அடிக்கிறது.

எல்ரோய்க்குத் தொழில், வீணாய்ப்போன பழைய உகுலேலேக்களைப் பிரித்து ஒட்டி மறுபடி பாட வைப்பது. எதைக் கொடுத்தாலும் முதலில் காதருகே பிடித்து, முதுகில் விரல்முட்டியால் ஒரு தட்டு. ‘டொக்’ என்றால் உள்ளே கெட்டி. ‘டப்’ என்றால் எங்கோ ஒட்டு விட்டிருக்கிறது. அவன் மகள் கியெலே, ஒன்பது வயது வாண்டு, பட்டறை மேசைக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். அப்பன் ஒன்று தட்டினால் அவள் பலகையில் இரண்டு தட்டுவாள். டொக்-டொக். தினமும் இதே விளையாட்டுதான்.

பதினோரு நாளுக்கு முன் இதே சாலையில் விபத்து. ஓட்டியது எல்ரோய். அவன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த மனைவி ஹீனானோ பெல்ட் போடவில்லை. பெல்ட் மணி கத்திக்கொண்டே இருந்தது, அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்... இடத்திலேயே போய்விட்டாள். பின்சீட்டில் கியெலே, மடியில் அம்மாவின் உகுலேலே. அதுவும் உடைந்தது. பிள்ளை அன்று மூடிய கண்ணைத் திறக்கவில்லை. இன்று ராத்திரி தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அம்மா வாசித்த அதே வாத்தியத்தின் சத்தம் காதில் விழுந்தால் பிள்ளை திரும்புவாள்... எல்ரோய்க்கு இருந்த ஒரே பிடிமானம் அதுதான். மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் பட்டறையில் கிடந்தான். சூடேற்றிய கத்தியைச் செருகி முதுகுப் பலகையைப் பிரித்தான். உள்ளே ஒரு மூலையில் அழுக்குத் துணிப்பொட்டலம் ஒட்டியிருந்தது. பலகை கரகரக்காமல் இருக்கப் பழைய ஆட்கள் இப்படிக் கந்தலைத் திணிப்பதுண்டு. பிய்த்து அடுப்பில் எறிந்தான். முடி கருகும் நாற்றம். அவன் கண்டுகொள்ளவில்லை.

ஒட்டி, இறுக்கி, காயவைத்து, தந்தி கட்டி முடித்தபோது ஹீனானோவின் அக்கா நோஹெயா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள்.

“முடிச்சிட்டியா எல்ரோய்? சீக்கிரம் வா. உள்ள இருக்கற பொட்டலம் பத்திரம்தானே?”

“எந்தப் பொட்டலம்?”

“பொறந்து ஒரு வாரத்துல விழுந்த கியெலேவோட தொப்புள்கொடி. எங்காளுங்க பாறை இடுக்குல ஒளிச்சு வைப்போம். இவ என்னடான்னா, ‘என் பாட்டுக்குள்ளயே இருக்கட்டும்’னு அதுல வெச்சு ஒட்டிட்டா. அப்பன்காரன்கிட்ட சொல்ற வழக்கமில்ல, பிரிச்சப்போ நீயே பாத்திருப்பேன்னு நெனச்சேன். அது இருக்கற எடத்துலதான் உசுரு தங்கும்.”

எல்ரோய் அடுப்பைத் திரும்பிப் பார்த்தான். “பத்திரமா இருக்கு அக்கா,” என்றான்.

போனை வைத்துவிட்டு அடுப்புச் சாம்பலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிச் சலித்தான். ஒன்றுமில்லை. விரல் வெந்தது. வாய்விட்டு அழுதான்.

அப்படித்தான் அந்தச் சாலைக்கு வந்தான்.

எங்கள் பக்கத்துத் தவளைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும், இருட்டினால் வாயை மூடாது. விபத்து நடந்த அந்த வளைவு வந்ததும்... சட்டென்று ஒன்றுகூடக் கத்தவில்லை. வேனுக்குள் கருகிய முடியின் வாடை.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி. இருக்கையில் உகுலேலே மட்டும். அரைக் கிலோகூட இருக்காது.

எல்ரோய் திரும்பிப் பார்க்கவில்லை. “ஹீனானோ,” என்றான். “புள்ளைய விட்டுடு. வேணும்னா என்னைக் கூட்டிட்டுப் போ. தப்புப் பண்ணது நான்.”

டிங்... டிங்...

ஒரு கையை நீட்டினான். பெல்ட்டை இழுத்து, வெறும் இருக்கையின் குறுக்கே மாட்டினான். மணி நின்றது. தவளைகள் கத்தத் தொடங்கின.

ஆஸ்பத்திரியில், வெந்த விரல்களோடு மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து வாசித்தான். ஹீனானோ வாசிக்கும் தாலாட்டு. நோஹெயா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். இரண்டாம் முறை வாசிக்கும்போது பிள்ளையின் இமை அசைந்தது. கண்ணைத் திறந்தாள். அவனையே பார்த்தாள்.

“இந்தத் தடவை பெல்ட் போட்டுவிட்டியே, கரடி.”

கரடி. ஹீனானோ மட்டும், அதுவும் அறைக்குள் மட்டும், கூப்பிடும் பேர் அது. பிள்ளைக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

ஊரே கொண்டாடியது. கியெலே வீட்டுக்கு வந்தாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், நடக்கிறாள். ஆனால் அன்றிலிருந்து ஒருமுறைகூட ‘அப்பா’ என்றதில்லை. மேசைக்கு அடியில் உட்கார்வதில்லை. கால்மேல் கால் போட்டு, கறுப்புக் காப்பி குடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறாள்.

ஒருநாள் எல்ரோய் பழக்கதோஷத்தில், சுவரில் மாட்டியிருந்த அந்த உகுலேலேயை எடுத்துக் காதருகே வைத்து முதுகில் ஒரு தட்டு தட்டினான். டொக்.

உள்ளிருந்து... டொக்-டொக்.

ஓடிப்போய்க் கத்தியைச் சூடேற்றினான். பத்து நிமிட வேலை. திரும்பினால் வாசலில் பிள்ளை நிற்கிறாள்.

“தொறந்தா ரெண்டு பேருமே இல்ல, கரடி. உனக்கு யாராவது ஒருத்தர் வேணாமா?”

எல்ரோய் இன்றுவரை திறக்கவில்லை. தினமும் கத்தியைச் சூடேற்றுவான், அது ஆறும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். பிறகு முதுகில் ஒரு தட்டு.

போன வாரம் மெல்வின் போயிருந்தபோது அவனும் காதை வைத்துக் கேட்டானாம். இப்போதெல்லாம் இரண்டு தட்டு வருவதில்லை. ஒன்றுதான்... அதுவும் ரொம்ப மெதுவாக.