ராப்போஜனத்துக்கு முந்தின நாள்

— என் பேர எழுதாதீங்க ஐயா. நாளைக்கு நான் ராப்போஜனத்துக்கு வரல.

— ஏன் சென்னம்மா? மூணு மாசத்துக்கு ஒருதரம் சித்தூர்லேருந்து பாஸ்டர் ஐயா வர்றதே இந்த அப்பமும் ரசமும் குடுக்கத்தான். சபையில எல்லா வீட்டுக்காரங்களும் பேரு குடுத்துட்டாங்க. நீ ஒருத்திதான் பாக்கி. யாரோடயாவது மனஸ்தாபமா? இருந்தா சொல்லு, தீர்த்துட்டு எழுதிக்கலாம். அதுக்குத்தானே உபதேசியார்னு ஒருத்தன் சனிக்கிழமை மத்தியானமே நோட்டை வெச்சிக்கிட்டு ஜெபவீட்டு வாசல்ல உட்கார்ந்திருக்கேன்.

— உசிரோட இருக்கறவங்களோட மனஸ்தாபம்னா தீத்துக்கலாம். செத்துப்போனவரு வராரே, அதுக்கு இன்னா பண்றது?

— யாரு வர்றது?

— எங்க வூட்டுக்காரரு.

— நாகையாவா?

— அவருதான். தை மாசம் மண்ணுல வெச்சோம். நாலு மாசம் ஆவுது. உங்க கையாலதானே மொத புடி மண்ணு போட்டீங்க.

— எப்ப வர்றான்?

— வெளக்கு வெக்கற நேரத்துல. கோழிய கூடையில கவுத்துட்டு, களிய எறக்கி வெச்சிட்டு நிமுந்தா வாசப்படில நிக்கறாரு. உள்ள வரமாட்டேங்கறாரு. வாய தொறக்கறதில்ல. கைய மட்டும் நீட்டிக்கினு நிக்கறாரு. ஏன் ஐயா, பேனாவ கீழ போட்டுட்டீங்க?

— கை தவறிப்போச்சு. பாரு சென்னம்மா, இது துக்கம். வேற ஒண்ணுமில்ல. நாகையா நல்ல விசுவாசி. கர்த்தருக்குள்ள தூங்கறான். தூங்கறவன் எழுந்து வந்து வாசல்ல நிக்கமாட்டான்.

— அவரு தூங்கறாருன்னா நான் ஏன் ஐயா தூங்காம கெடக்கறேன்?

— மனசைச் சும்மா விட்டா அது கண்டதையும் உள்ள கூட்டிக்கிட்டு வரும். வெளக்கு வெச்சதும் ஒரு பாட்டுப் பாடு. முழங்கால் போடு. சுத்தமானது எதுவோ, உண்மையானது எதுவோ, அதையே நினை. கடலைக்கொல்லைக்குப் பன்னி வருதுன்னு ராவெல்லாம் பரண்மேல குந்தற சனம்தானே நாம? நெஞ்சுக்கும் சிந்தைக்கும் மட்டும் காவல் வேணாமா?

— அதத்தான் கேக்க வந்தேன். காவல்காரன் பரண்மேல ஏறி குந்தறதுக்கு முன்னாடியே பன்னி கொல்லைக்குள்ள பூந்துக்கிச்சின்னா?

— துரத்தணும்.

— எப்படி தொரத்தறது? சொல்லிக்குடுங்க. நான் படிக்காதவ.

— பார்க்கக்கூடாது. அதுதான் முதல் காரியம். இடது கையை நீட்டிக்கிட்டு நிக்கும், நீ அந்தக் கையைப் பார்த்துடாதே. பார்த்தீன்னா ஒரு அடி கிட்ட வரும். சுவர் பக்கமாத் திரும்பிக்கிட்டு சங்கீதத்தைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே இரு. போயிடும்.

— தெனமும் போயிடுமா?

— சில நாள் போயிடும்.

— சில நாளு.

— விசுவாசம் வேணும் தாயி. எடுத்த எடுப்புல வந்துடாது. கொஞ்சம் கொஞ்சமா வளரணும்.

— எனக்கு கொஞ்சம் கொஞ்சமா வளர நாளு இல்லீங்க ஐயா. திங்கக்கெழம காலீல மொத பஸ்ஸுக்கு நான் காணிப்பாக்கம் போவணும்.

— காணிப்பாக்கத்துக்கா? நீயா?

— எங்க வூட்டுக்காரரோட அண்ணன் முனிசாமி கூப்பிடறாரு. மூணு மாசமா எங்க வூட்டுப் பக்கம் தலவெச்சி படுக்காதவரு, நேத்து வந்து வெளியவே நின்னுக்கினு சொல்லிட்டு போனாரு. கொளத்துல முழுவிட்டு ஈரப் பொடவையோட புள்ளையாரு முன்னாடி நின்னு பிரமாணம் பண்ணணுமாம். ‘எம் புருசன் அந்த மனுவுல கைநாட்டு வெக்கல’ன்னு. அங்க பொய் பிரமாணம் பண்ணா குடும்பம் தழைக்காதுன்னு இந்தச் சீமையே நடுங்குதில்ல? அதனால அங்க சொன்னாத்தான் நம்புவாராம். சொன்னா நான் அவங்க வூட்டுப் பொண்ணு. சொல்லாட்டி என் பசங்களுக்கு பெரியப்பன்னு ஒருத்தரு கெடையாது, பொண்ணு குடுக்க எடுக்க கெடையாது, நான் செத்தா தூக்கறதுக்கு ஆளும் கெடையாது.

— சென்னம்மா, நீ அங்க போயி பிரமாணம் பண்ணேன்னு தெரிஞ்சா சபையில உன் பேரை அடிச்சிடுவாங்க.

— தெரியுமே. போனா இங்க அடிப்பீங்க. போவாட்டி அங்க அடிப்பாங்க. எங்கதான் போவறது நானு?

— அந்த மனுவைப் பத்தி முனிசாமிக்கு இன்னும் என்ன?

— இன்னாவா? இந்த ஊர ஆந்திராவுல வெக்காதீங்க, மெட்ராஸோட சேத்துடுங்கன்னு எல்லைய பாக்க வந்த டில்லி ஆபீசருக்கு எழுதி அனுப்பனீங்களே. வூட்டுக்கு ஒரு கைநாட்டுன்னு வாங்கனீங்களே. அந்த பேரு ஜாபிதாவ தாலுக்கா ஆபீசுல யாரோ முனிசாமிக்கு படிச்சி காட்டியிருக்காங்க. அதுல தம்பி பேரு இருக்குது. பக்கத்துலயே கைநாட்டும் இருக்குது.

— நாகையா கடைசி நேரத்துல மனசு மாறியிருக்கலாம்.

— மாறல. அவரு ஏன் மாட்டேன்னாருன்னு உங்களுக்கே தெரியும். ஏரிக்கரை ஓரத்துல ரெண்டு ஏக்கர் தரிசுக்கு பட்டா குடுங்கன்னு தர்க்காஸ்து போட்டிருந்தாரு. எங்க ஆளுங்கள்ல மண்ணுன்னு ஒண்ணு யாருக்கு இருந்தது? சங்கிலி போட்டு அளந்துட்டும் போனாங்க. ஊரு கைமாறிட்டா அந்த காயிதம் செல்லுமோ செல்லாதோ, மொதல்லர்ந்து யாரு கால புடிக்கறதுன்னு அவருக்கு பயம். நீங்க எத்தினி வாட்டி வந்து கேட்டீங்க? ‘நேனு வேலிமுத்ர வெய்யனு’ன்னு தெலுங்குல சொல்லி சிரிப்பாரே. கைநாட்டு வெக்கமாட்டேன், ஆள வுடுங்கன்னு.

— ஞாபகம் இருக்கு.

— ஜொரத்துல படுக்கறதுக்கு மொத நாளு அண்ணங்கிட்டயும் அதேதான் சொன்னாரு. அண்ணனும் அங்கதான் தர்க்காஸ்து போட்டிருக்காரு. இப்ப அவரு இன்னா நெனைக்கறாரு? தம்பி மூஞ்சிக்கு நேரா ஒண்ணு சொல்லிட்டு, திருட்டுத்தனமா கைநாட்டு வெச்சிட்டு செத்தான்னு நெனைக்கறாரு. எங்க வூட்டுக்காரரு குடிப்பாரு ஐயா, இல்லேன்னு சொல்லல. பொய் பேசமாட்டாரு.

— நீ கர்த்தர்கிட்ட விட்டுடு சென்னம்மா. நான் ஜெபிக்கிறேன். உன் பேரை எழுதிக்கிறேன், நாளைக்கு வா.

— இருங்க. ஒண்ணு கேக்கறேன். கைய நீட்டிக்கினு நிக்கறாருன்னுதானே நான் சொன்னேன்?

— ஆமா.

— இடது கைன்னு நான் சொல்லலியே.

— நீதான் சொன்ன.

— சொல்லல. பாத்தா ஒரு அடி கிட்ட வரும்னும் சொல்லல. சொவத்த பாத்து திரும்பிக்கினா சில நாளு போவும்னும் நான் சொல்லல.

— சென்னம்மா, அந்தச் செம்பை எடு.

— இந்தாங்க. மெல்ல குடிங்க. மேல ஊத்திக்காதீங்க.

— ஜெயம்மா எங்க?

— உங்க வூட்டம்மா பாத்திரம் தேய்க்க கெணத்துக்கு போனாங்க. நம்ம ரெண்டு பேருதான் இருக்கறோம். நான் மிச்சத்தையும் சொல்லிடறேன் ஐயா. பொணத்த குளிப்பாட்டனது நானு. இடது கை பெருவெரலு ஊதாவா இருந்திச்சி. சீயக்கா போட்டு தேச்சேன். சாம்ப போட்டு தேச்சேன். போவல. ஒம்போது நாளு கண்ணு தொறக்காம கெடந்த மனுசன், எங்க எழுந்து போயி மைய தொட்டாரு?

— இத்தனை நாளா ஏன் கேக்கல?

— யாரன்னு கேக்கறது? அன்னிக்கி ராத்திரி பொணத்துகிட்ட இருந்தது யாருன்னு எனக்கு தெரியும். தெரிஞ்சதால பயமா இருந்திச்சி. என் பசங்களுக்கு எழுத்து சொல்லிக்குடுத்தவரு. ஜொரத்துல கெடந்தவரு தலமாட்டுல குந்தி ஜெபம் பண்ணவரு. அவர போயி நான் எப்படி கேக்கறது?

— நான்தான்.

— சத்தமா சொல்லுங்க.

— நான்தான் சென்னம்மா. நீ அழுது அழுது மூலையில சுருண்டு படுத்துட்ட. பாட்டு பாடினவங்க எல்லாம் ஒவ்வொருத்தரா சாஞ்சிட்டாங்க. நான் ஒருத்தன்தான் முழிச்சிக்கினு இருந்தேன். மனு என் பையில இருந்தது. விடிஞ்சா குடுத்தனுப்பணும். எல்லா வூடும் வெச்சாச்சி, உங்க வூடு ஒண்ணுதான் காலி. ஒரு வூடு கொறைஞ்சாலும் ஜனங்க ஒரே மனசா இல்லேன்னு தள்ளிடுவாங்கன்னு எவனோ சொன்னான். பள்ளிக்கூடம் தெலுங்காயிட்டா நம்ம பசங்க தமிழ்ல வேதம் வாசிக்கமாட்டாங்களேன்னு நெனைச்சேன்.

— அதுக்காகவா?

— இல்ல. அது நான் எனக்கே சொல்லிக்கினு இருக்கறது. எனக்குத் தெலுங்குல ஒரு எழுத்து தெரியாது. பள்ளிக்கூடம் தெலுங்குக்குப் போனா என் வாத்தியார் வேலை போவும். அம்பது வயசுல எங்க போயி நிக்கறதுன்னு பயந்தேன். அவ்வளவுதான்.

— அப்புறம்?

— செத்தவனுக்கு எந்த ராஜ்யமா இருந்தா என்னன்னு நெனைச்சேன். அந்த வெரலு சில்லுனு இருந்தது. மடங்கல. நான் ரெண்டு கையாலயும் புடிச்சி காயிதத்துமேல அழுத்தனேன். அழுத்தினப்ப வாயில பாட்டு பாடிக்கினே இருந்தேன் சென்னம்மா. நிறுத்தினா நீங்க முழிச்சிக்குவீங்கன்னு பாடிக்கினே அழுத்தனேன். இப்ப அந்தப் பாட்ட யாரு எடுத்தாலும் நான் எழுந்து வெளிய போயிடறேன். பிரசங்கம் பண்றப்ப நாகையா கடைசிப் பாயில குந்திக்கினு கைய நீட்டறான். துடைச்சி விடுன்னு கேக்கறான் போல இருக்குது. நாளைக்கு இந்தக் கையாலதான் பாஸ்டர் ஐயாவுக்குப் பக்கத்துல நின்னு கிண்ணம் பிடிக்கணும்.

— இந்த நோட்டுல உங்க பேரு இருக்குதா?

— முதல் பேரே என்னுதுதான். மாசிலாமணி, உபதேசியார். எப்பவும் அப்படித்தான்.

— உங்களுக்கு மனஸ்தாபம் இருக்குதான்னு யாரு கேட்டாங்க?

— உபதேசியாரை யாரு கேப்பாங்க?

— நான் கேக்கறேன்.

— என்னை என்ன பண்ணச் சொல்ற?

— முனிசாமிகிட்ட வந்து சொல்லுங்க. உன் தம்பி பொய் சொல்லல, நான்தான் பண்ணேன்னு இப்ப என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க. அப்புறம் நான் எதுக்கு பஸ் ஏறணும்? எதுக்கு பிரமாணம் பண்ணணும்?

— அடிப்பான்.

— அடிப்பாரு. நானும் கூட வரேன்.

— வேலை போயிடும்.

— போவும்.

— ஆபீசுக்குத் தெரிஞ்சா கேஸ் போடுவாங்க. ஊரே காறித் துப்பும்.

— துப்பும். ஐயா, நெஞ்சுக்கு காவல் போடுன்னு எங்களுக்கெல்லாம் சொல்றீங்க. நல்ல வார்த்ததான். ஆனா நாலு மாசமா நீங்க பண்ணிக்கினு இருக்கறது காவல் இல்ல. திருடன உள்ள வெச்சி வெளிய தாப்பா போட்டுக்கினு, அவனுக்கு காவல் குந்தியிருக்கறீங்க. தாப்பாவ எடுங்க. அப்புறம் பாட்டு பாடலாம், ஜெபம் பண்ணலாம், எல்லாம் பண்ணலாம்.

— நீ என்னை மன்னிப்பியா?

— கோவமா இருக்குது ஐயா. ரொம்ப கோவமா இருக்குது. அந்த வெரல நான் எப்படி தேச்சேன்னு நெனைச்சா உங்க மூஞ்சியில முழிக்கவே புடிக்கல. வலிக்குமோன்னு பயந்து பயந்து தேச்சேன், செத்த வெரலு அது. ஆனா இந்தக் கோவத்த உள்ள வெச்சிக்கினு நான் கிண்ணத்துகிட்ட வாய கொண்டுபோவ முடியாது. அதனாலதான் உங்க எதிருல வந்து நிக்கறேன். மன்னிக்கணும்னுதான் வந்தேன். இன்னிக்கி பாதிதான் முடியுது. மீதிக்கி நாளு குடுங்க.

— பாதியே எனக்கு அதிகம் சென்னம்மா. எழுந்திரு. போலாம்.

— இப்பவேவா?

— இப்பவே. பொழுது சாஞ்சிட்டா எனக்கு தைரியம் இருக்காது. முனிசாமி வூட்டுல இருப்பானா?

— மாங்கா லோடு ஏத்த பங்காருபாளையம் போயிருந்தாரு. மத்தியானமே வந்துட்டாரு. செருப்ப போட்டுக்கங்க ஐயா, வெயிலு சுடுது.

— இரு, அந்தப் பேனாவை எடு. என் பேரை அடிச்சிடறேன். முனிசாமியைப் பார்த்துட்டு வந்து, அவன் சரின்னு சொன்னா எழுதிக்கலாம். தோ, அடிச்சாச்சி. உன் பேரை இப்ப எழுதட்டுமா?

— வாணாம். எனக்கும் ஒண்ணு தீரணும். நான் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்.

— நீயா? என்ன பொய்?

— நாலு மாசமா தெனமும் வெளக்க ஏத்தி வெச்சிட்டு, ஒரு வாட்டியாவது வந்து நிக்கமாட்டாரான்னு அந்த வாசப்படியவே பாத்துக்கினு குந்தியிருக்கேன், ஒரு நாளுகூட வரலீங்க ஐயா. அவரு உங்க வூட்டுக்குத்தான் வராருன்னு நேத்து ஜெயம்மா வந்து, எம் புருசன காப்பாத்துன்னு என் கால புடிச்சிக்கினு அழுதாங்க.