சங்கு கழற்றப்பட்ட தடுப்பணை

ஏப்ரல் ஆறாம் நாள், திங்கட்கிழமை, தடுப்பணைக் கரையிலிருந்த எச்சரிக்கைச் சங்கைக் கழற்றினார்கள். பாதுகாப்புக் குழுவின் உறுப்பினனான என் சொல்லைப் புறக்கணித்துக் கழற்றினார்கள். என் குறை இவ்வளவுதான். மற்றவை யாவும் இதிலிருந்து பிறந்தவை.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். இலக்கணம் கற்பித்தவன். பிழையைக் கண்டால் சுழித்துக் காட்டுவேன்; அதில் எவர்மீதும் பகை இருந்ததில்லை. இந்த வாக்குமூலத்தை யாருடைய வற்புறுத்தலுமின்றி என் கைப்படவே எழுதுகிறேன். விசாரணை அதிகாரியின் எழுத்தர் தாமே எழுதித் தருவதாகச் சொன்னார். அவருடைய முதல் வாக்கியத்தைப் படித்ததும் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தடுப்பணை பெரியதன்று. ஆள் உயரத்துக்குச் சற்று மேல். மேற்புறம் தேங்கும் நீரில் படகு விடுகிறார்கள். கீழ்ப்புறம் பாறைகளுக்கிடையே ஒரு குட்டை. விடுமுறைக் கூட்டம் அதில் குளிக்கிறது. மேலே நீர் ஏறினால் நடுவிலுள்ள மதகைத் திறந்து இறக்கிவிட வேண்டும். திறக்கும் சக்கரம் உள்ள அறைக்கு ஒரே ஒரு சன்னல். அதிலிருந்து கரைமேடை தெரியும், குட்டை தெரியாது. ஆகவே ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது. அதை வகுத்தவன் நான்.

முதலில் சங்கு ஒலிக்கும், குளிப்பவர்கள் கரையேறுவார்கள். மேடையில் நிற்கும் கண்காணிப்பாளர் குட்டையை நன்றாகப் பார்த்து, ஒருவரும் இல்லையென்றால் பச்சைக் கொடி காட்டுவார். அதைக் கண்டதும் மதகுக்காரர் சக்கரத்தைச் சுற்றுவார். சிவப்பைக் கண்டால் பிடியை விடுவித்துவிடுவார். மதகு தன் எடையாலேயே விழுந்து மூடிக்கொள்ளும். கொடியைக் கண்டபின் கேள்வி கேட்கக் கூடாது என்பதும் விதி. கண்காணிப்பாளரும் நான்தான். ஊதியம் கிடையாது.

பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? படகுத்துறையின் குத்தகைக்காரர். படகு ஓடினால் யாருடைய பை நிரம்புமோ அவரே படகு ஓடலாமா என்று தீர்ப்பும் சொல்வார். இதில் எவருக்கும் வியப்பு ஏற்படவில்லை. அவர் என் பழைய மாணவர். கடைசி வரிசையில் அமர்ந்து, வகுப்பைச் சிரிக்கவைத்தே தேர்ச்சி பெற்றவர். குழுவிலும் அதையே செய்தார்.

"சார், சங்கு அடிச்சாலே ஜனங்க துண்டைத் தூக்கிக்கிட்டு ஓடுதுங்க. அப்புறம் படகுல யாரு ஏறுவா, நீங்களும் நானுமா?"

"ஓடணும்னுதானே சங்கு வெச்சிருக்கோம்?" என்றேன்.

"உங்க குரல் ஒண்ணு போதாதா சார்? நீங்க ஒரு அதட்டு போட்டா ஆறே திரும்பி ஓடிடும்."

குழு சிரித்தது. ஆண்டுக்கொருமுறை வந்து, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துச் செல்லும் பொறியாளரும் சிரித்தார். ஒருவர் மட்டும் கையை உயர்த்தினார். தலைவரின் தங்கை, குட்டையில் குழந்தைகளுக்கு நீச்சல் கற்பிப்பவர்.

"அண்ணே, சார் சொல்றதுல என்ன தப்பு? சங்கு இருந்துட்டுப் போகட்டுமே. தண்ணிக்குள்ள நிக்கறது நானும் பிள்ளைங்களும்தானே?"

"நீ கையைக் கீழ போடு. வாத்தியாரைக் கண்டா போதும், இவளுக்குக் கை தானா எழும்பிடும்."

மீண்டும் சிரிப்பு. அந்தக் கை இறங்கிவிட்டது. அது இறங்கியதைக் கவனித்தேன். கடைசிவரை உயர்ந்து நிற்காத கையை நான் ஆதரவாகக் கருதுவதில்லை.

மேலிடத்துக்கு மனு அனுப்பினேன். ஆவன செய்யப்படும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் மலிந்திருந்த ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் திருப்பியனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. இதற்கிடையே, சங்கு இருந்த கம்பத்தில் ஐஸ்கிரீம் விளம்பரம் ஒன்று ஏறியது. நான் அதன் அடியில் நின்றுகொண்டிருந்தபோது தலைவர் நண்பர்களோடு அவ்வழியே வந்தார்.

"என்ன சார், கம்பத்தைப் பாத்துக் கண்ணு கலங்குது? சங்குக்கே சங்கு ஊதியாச்சு. வீட்டுக்குப் போங்க, வெயில் ஏறுது."

நான் கண் கலங்கவில்லை. இதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

கோடை விடுமுறை தொடங்கியதும் அவர் செய்தியாளர்களை அழைத்தார். சங்கின் அலறல் இல்லாமலே மதகு எவ்வளவு அமைதியாகத் திறக்கிறது என்று காட்டப்போகிறாராம். முதலில் அவர் குட்டையில் நின்று படம் எடுத்துக்கொள்வார், பிறகு கரையேறுவார், அதன்பின் நான் கொடி காட்ட வேண்டும். இதுவே ஏற்பாடு. அந்த வாரம் முழுவதும் மதகைத் திறக்க நான் கொடி காட்டவில்லை. மேற்புறம் நீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அன்று முற்பகல் மதகறைக்குச் சென்றேன்.

"இன்னிக்கு முழுசாத் திறந்துடுங்க," என்றேன்.

மதகுக்காரர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "முழுசாவா சார்? கால்வாசிதானே திறப்போம்? கீழ யாராச்சும் இருந்தா அடிச்சிக்கிட்டுப் போயிடும்," என்றார்.

"கீழ பாக்கறது என் வேலை. கொடியைப் பாக்கறது உங்க வேலை."

"அதுவும் சரிதான். நீங்க மேடையில நிக்கும்போது எனக்கென்ன பயம்?"

விதியை மீறி அறியாத மனிதர். அவரை இப்போது அடைத்து வைத்திருக்கிறார்கள்.

மேடையில் ஏறி நின்றேன். தலைவர் முழங்காலளவு நீரில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "சார், நீங்களும் கொஞ்சம் சிரிங்க. பரீட்சையா நடக்குது?" என்று கூவினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பச்சைக் கொடியை உயர்த்தினேன்.

அவர் அஞ்ச வேண்டும் என்பதே என் நோக்கம். அஞ்சினார். செய்தியாளர்கள் பார்த்திருக்க, அலறியபடி தவழ்ந்து பாறையில் ஏறினார். சங்கைப் பற்றி நான் சொல்லிவந்தது அந்த நொடியிலேயே மெய்ப்பிக்கப்பட்டது.

முழுமை கருதி ஒன்றைச் சேர்க்க வேண்டும். குட்டையில் அவர் தனியாக நிற்கவில்லை. படம் எடுப்பாக அமைய வேண்டும் என்று தங்கையையும் அவருடைய நீச்சல் வகுப்பையும் இறக்கியிருந்தார். அவர்கள் எனக்குத் தெரிந்தார்கள். மேடையை அவ்விடத்தில் கட்டச் சொன்னதே, குட்டையின் ஒவ்வொரு மூலையும் அங்கிருந்து தெரியும் என்பதால்தான்.

அந்த அம்மையார் குழந்தைகளை ஒவ்வொருவராகத் தூக்கிப் பாறைமேல் தள்ளினார். வகுப்பு ஒழுங்காகவே கரையேறியது, பாராட்டத்தக்க கட்டுப்பாடு. கடைசிக் குழந்தையும் ஏறியபின் அவர் பற்றிக்கொள்ள எதுவும் எஞ்சவில்லை. மதகிலிருந்து விழும் நீர் சுருண்டெழுந்து, அகப்பட்டதை மறுபடியும் அணையின் அடிக்கே இழுக்கும். அவர் அதில் ஒருமுறை மேலே வந்தார். என்னைப் பார்த்தார். கையை உயர்த்தினார்.

சிவப்புக் கொடி என் கக்கத்தில் இருந்தது. நீரின் இரைச்சலில் மதகுக்காரருக்கு எந்த அலறலும் கேட்டிருக்காது. ஆனால் அவருடைய கண் என்மேலேயே இருந்தது. இட்ட ஆணையை அடுத்த நொடியே திரும்பப் பெறும் ஆசிரியரை எந்த வகுப்பும் மதிப்பதில்லை. மேலும், அந்தக் கை இம்முறையாவது உயர்ந்து நிற்கிறதா என்று பார்க்க விரும்பினேன்.

இறங்கிவிட்டது.

செய்தியாளர்கள் யாவரும் குட்டையைப் படம் பிடித்தார்கள். மேடையை ஒருவரும் பார்க்கவில்லை. "சார் பச்சை காட்டினாரு, நான் திறந்தேன்," என்று மதகுக்காரர் சொன்னதை எவரும் நம்பவில்லை. தங்கையைப் பறிகொடுத்த தலைவரே, "சார் அப்படிச் செய்யவே மாட்டாரு. எங்களை வளத்து ஆளாக்கினவரு. இந்த ஆளுதான் தூங்கி வழிஞ்சிருப்பான்," என்று அழுதுகொண்டே சாட்சி சொன்னாராம். என்னைப் பற்றி அவர் பேசியவற்றில் நகைப்பு இல்லாதது அது ஒன்றுதான். அதுவும் பிழை.

அந்தப் பிழையைத் திருத்தவே இதை எழுதுகிறேன். மதகுக்காரரைக் குறை சொல்வது நான் வகுத்த ஒழுங்கைக் குறை சொல்வதாகும். அதை நான் பொறுக்க மாட்டேன். அவரை உடனே விடுவிக்க வேண்டும். கொடி காட்டியவன் நான். நீரில் ஆள் இருப்பதைப் பார்த்தே காட்டினேன். மதகை மூடச் செய்ய முடிந்தும் மூடச் செய்யாதவனும் நானே.

விளம்பரத்தை இறக்கிவிட்டுச் சங்கை மீண்டும் ஏற்றியிருப்பதாக அறிகிறேன். இத்தனை மனுக்களால் ஆகாத காரியம் ஒரே முற்பகலில் ஆயிற்று. எவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

இதை வாசிக்கும் விசாரணை அதிகாரியாகிய நீங்களும் அந்தக் குட்டையில் குளித்தவர்தான். சங்கு ஒலித்தபோதெல்லாம் முகம் சுளித்தவர்தான். கொடிகள் இரண்டையும் சான்றுப் பொருள் என்று ஒரு பையில் திணித்து முத்திரையிட்டிருக்கிறார்கள். மடிப்புக்கூடச் சரியாக இல்லை. அடுத்த கோடையில் மேடையில் நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்தக் குட்டையை என்னைவிடக் கவனமாகப் பார்த்தவர் எவருமில்லை என்பதற்கு மேலே எழுதியதே சான்று. கொடிகளை என்னிடம் திருப்பிக் கொடுங்கள்.