குழாய்க்காரன் கழற்றச் சொன்ன குழாய்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, "ஐந்தே நிமிடம்" என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! கல்லோடு மல்லுக்கட்டிக் கை காய்த்துப்போன பெரியோர்களே! எங்கள் சட்டைகளைத் துவைத்துத் துவைத்துச் சலித்துப்போன தாய்மார்களே! முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் என் தங்கையின் கணவரே, மச்சானே! நம் கல் அறுக்கும் பட்டறையின் குழாய்க்காரன் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

மூச்சைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, அதுபாட்டுக்கு வருகிறது போகிறது என்கிறீர்களா? இருக்கிறது ஐயா, இருக்கிறது! நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்றொரு தசை. அது கீழே இறங்கினால் மார்பு விரியும், காற்று உள்ளே பாயும். மூக்கிலே முடி காவல் நிற்கும். மூச்சுக்குழாயிலே சளி தூசைப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத இழைகள் அதைத் தொண்டைக்குத் தள்ளிவிடும். அந்தக் குழாய் கிளைவிட்டு, கிளைக்குள் கிளைவிட்டு, கோடிக்கணக்கான குட்டிப் பைகளில் போய் முடியும். அங்கேதான் நம் இரத்தம் பிராணவாயுவை வாங்கிக்கொண்டு கரியமில வாயுவைக் கழற்றிவிடுகிறது! லீவு கேட்டதா அந்த நெஞ்சு? நாம் தூங்கும்போதாவது அது தூங்கியதா?

அந்த நெஞ்சுக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா?

மாலை மணி அடித்ததும் எல்லோரும் என் முன்னால் வரிசை கட்டுவார்கள். காற்றடிக்கும் கம்ப்ரஸர் குழாயைப் பிடித்து, உஸ்ஸென்று தலைமுதல் கால்வரை ஊதிவிடுவேன். மாவில் புரண்டவன்போல் வந்தவன் புதுமாப்பிள்ளையாய்ப் போவான். பதினோரு ஆண்டுகள்! வரிசையில் முதல் ஆள் என் மச்சான். "சீக்கிரம் ஊதுங்க மச்சான், பொண்ணு ஓடிவந்து மேல ஏறும், தூசு ஒட்டக்கூடாது" என்பார். சட்டைப்பையைக்கூட விடாமல் ஊதினேன்.

ஊதிய தூசு எங்கே போனது? என்ன அண்ணே, ஜன்னல் வழியாகப் போனதா? நானும் அப்படித்தான் நம்பினேன்! கனத்த தூசு தரையில் விழுந்தது. கண்ணுக்கே தெரியாத கல்பொடி நம் முகத்தருகே மிதந்தது. முடிக்கும் பிடிபடாமல், சளிக்கும் சிக்காமல், குட்டிப் பைகளில் போய்க் குடியேறியது. குடியேறிய இடமெல்லாம் தழும்பு! தழும்பு விழுந்த நெஞ்சு விரியுமா?

போன மாதம் மச்சான் மகளுக்குப் பிறந்தநாள். பலூனை வாயில் வைத்தார். ஒருமுறை ஊதினார், இருமினார். மறுபடி ஊதினார், சுவரைப் பிடித்துக்கொண்டார். குழந்தை பலூனை என்னிடம் தூக்கி வந்து, "மாமா, அப்பாவுக்கு ஊதத் தெரியல, நீங்க ஊதுங்க" என்றது. ஊதினேன்.

மறுநாள் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தார். "இது திரும்ப சரியாகாது. இனிமேலாவது தூசு உள்ள போகாம பாத்துக்குங்க" என்றார். என் தங்கை எக்ஸ்ரேயை வாங்கி உறையில் போட்டுக்கொண்டு, அவர் கையைப் பிடித்து நடந்தாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்!

"அப்போ தூசோடவா வீட்டுக்குப் போறது?" என்று பின்னாலிருந்து கேட்கிறார் ஒரு தம்பி. நல்ல கேள்வி, உட்காருங்கள்! அறுக்கும்போது தண்ணீர் ஓடட்டும். தூசு சேறாகிக் கீழே விழும். முகத்தோடு ஒட்டும் முகமூடி மூக்கில் இருக்கட்டும், கழுத்திலே தாயத்துபோல் தொங்க வேண்டாம்! குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். சட்டையை வெளுத்து நெஞ்சைப் பாழாக்கியது போதும், போதும், போதும்!

இதோ அந்தக் குழாய். கம்ப்ரஸரோடு மேடையிலேயே மாட்டி வைத்திருக்கிறேன். மச்சான், எப்போதும் முதல் ஆளாக வருவீர்களே, இன்றும் நீங்களே வாங்க. இந்த ஸ்பேனரைப் பிடித்துக் கழற்றுங்கள்.

மேடைக்கு நாலே படிதான். இரண்டாவது படியில் நிற்கிறார், மூச்சு வாங்குகிறது. யாரும் கைதட்டி அவசரப்படுத்தாதீர்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. தலைவரே, என் ஐந்து நிமிடம் முடிந்தது. மச்சான் மேலே வந்து சேரும்வரை நான் இங்கேயே நிற்கிறேன். வணக்கம்.