நம் கையில் இருந்த ஒரே எண்

மேடையில் வீற்றிருக்கும் மீனவர் சங்கத் தலைவர் அவர்களே, கடல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருக்கும் அறிஞர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த டாக்டரின் துணைவியார் திருமதி நம்கூங் அவர்களே, படகை விற்றுவிட்டுப் பேருந்தில் வந்து இறங்கியிருக்கும் என் பழைய கூட்டாளிகளே! சோல்போ துறைமுகத்துத் தாக் மான்சிக் பேசுகிறேன். மீன்வள அறிஞர் டாக்டர் பியோ யுன்சப் அவர்களைப் புகழ எனக்கு என்ன தகுதி? முப்பது ஆண்டுகள் அவரோடு சண்டை போட்டவன் என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

நம் சங்கக் கூடத்துக்கு வந்த முதல் நாளே அவர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதினார். கடலில் இருக்கும் மியோங்தே மீனோடு புதிதாகச் சேரும் குஞ்சுகளைக் கூட்டு. தானாகச் சாவதைக் கழி. நாம் பிடிப்பதைக் கழி. அடுத்த ஆண்டு எவ்வளவு மீன் என்று தெரிந்துவிடும்.

"இவ்வளவுதானா? இதுக்கா தம்பி பட்டம் வாங்குன?" என்று நான் கத்தினேன். கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"சின்னதா இருக்கறதுதாண்ணே இதோட அழகு. பூமி சூரியனைச் சுத்தறதையும் இப்படி ஒரு வரியில எழுதிடலாம். ஆனா அதுல நம்மால எதையும் மாத்த முடியாது. இதுல பாருங்க, கடைசி எண் உங்க கையில இருக்கு."

அந்த எண்ணை நாம் என்ன செய்தோம், தோழர்களே?

விரல் நீள நோகாரி மீனைக் கூடை கூடையாக அள்ளினோம். காயவைத்துச் சுட்டால் பீருக்கு அதைப்போலத் தோதாக ஒன்றும் கிடையாது. அது மியோங்தேயின் குஞ்சு என்றார் அவர். குஞ்சையே அள்ளினால் கூட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது, பத்தொன்பது ஆண்டில் பூஜ்யம் என்று போட்டுக் காட்டினார். நோகாரி பிடிப்பதைத் தடை செய்யலாமா என்று அரசு விசாரணை நடத்தியது. அதிகாரிகள் முன்னால் எழுந்து, "நோகாரி வேற ஜாதி மீனுங்க. எங்கப்பா காலத்துலேருந்தே அது வேற, இது வேற" என்று சத்தியம் செய்தவன் யார்? நான்தான்! தெரியாமலா சொன்னேன்? மீனின் வயிற்றைக் கீறிய எவனுக்கும் அது தெரியும். அப்போதுதான் எனக்குப் புதுப் படகு வந்திருந்தது. அதைக் கரையில் கட்டிப்போட மனம் வரவில்லை. நோகாரி பிடிக்க அனுமதி கிடைத்தது.

பத்தொன்பதாம் ஆண்டும் வந்தது. சமன்பாடு யார் மீதும் கோபப்படவில்லை. அது சொன்னபடியே நடந்தது, அவ்வளவுதான்.

அதன்பிறகு அவர் தொட்டியில் குஞ்சு பொரித்து, அடையாளம் குத்திக் கடலில் விட்டார். ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஜனவரிதோறும் துறைக்கு வந்து, வலையில் மியோங்தே எத்தனை என்று எண்ணிப் பார்த்து, அதே பலகையில் பூஜ்யம் எழுதினார்.

"இல்லாததை எதுக்கு டாக்டரே வருஷா வருஷம் எழுதறீங்க?" என்று கேட்டேன்.

"எழுதலைன்னா, மீன் இருக்குன்னு யாராவது சத்தியம் பண்ணிடுவாங்கண்ணே."

இந்த ஜனவரியில் அவர் படுத்த படுக்கையாகிவிட்டார். தனக்குப் பதிலாகத் துறைக்குப் போய் எண்ணிப் பார்த்துவர என்னிடம் சொன்னார். போய்ப் பார்த்தேன். மருத்துவமனைக்குத் திரும்பியதும், "எத்தனைண்ணே?" என்றார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, ஐயா! மறுபடியும் பொய் சொன்னேன்.

"ஒண்ணு கிடைச்சுது டாக்டரே."

அவர் மெல்லச் சிரித்தார்.

"எந்த ஜாதி மீனுண்ணே?"

என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

இதோ, அவர் படத்துக்கு முன்னால் படையலில் காய்ந்த மியோங்தே இருக்கிறது. ரஷ்யக் கடலில் பிடித்தது. அவருக்குப் படைக்க நம் கடலில் ஒரு மீன் இல்லை.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி கூறினீர்கள். நானும் தொடர்வேன். மீன் திரும்பி வரும் என்று மட்டும் சொல்லமாட்டேன். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பலகையில் இந்த ஆண்டின் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் போய் அதில் பூஜ்யம் எழுதுவேன். அதற்குக் கீழே, நோகாரி மியோங்தேயின் குஞ்சுதான் என்று எழுதி, என் பெயரைப் போடுவேன்.