தையல்காரம்மாவின் தங்கச்சி

எடை பார்க்கும் கருவியில் நான் ஏறிப் பதினோரு வருடம் ஆகிறது. அது என் நாற்காலிக்கு நேர் பின்னால்தான் இருந்தது. என்னவோ, நேரம் வாய்க்கவில்லை. நூற்று நாற்பது பேரை இளைக்க வைக்கிறவனுக்குத் தன் இடுப்பைப் பார்த்துக்கொள்ள ஏது பொழுது? ஊருக்குத்தான் உபதேசம் என்று நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், ஐயா.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பது தையல்காரம்மாவின் சாவைப் பற்றி. வரிசையாகவே சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியின் எடைக்குறைப்புப் பிரிவு என்பது மூன்றாவது மாடியில் ஜன்னல் திறக்காத ஓர் அறை. டாக்டர், ஒரு நர்ஸ், நான். எங்களிடம் பதிந்தவர்கள் திங்கட்கிழமைதோறும் தங்கள் எடையை மெசேஜ் அனுப்ப வேண்டும். வெறும் எண்ணாக வந்தால் கணினியே வாங்கி, ஆளுக்கு ஒரு கோடு வரைந்துவிடும். எண்ணோடு வார்த்தையும் வந்தால் அது என் திரைக்கு வரும். சாதாரண விஷயத்துக்கு நானே பதில் எழுதுவேன். டாக்டர் பார்க்க வேண்டியது என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்தி அவருக்குத் தள்ளிவிடுவேன். டாக்டர் மற்றபடி கோடுகளை மட்டும் பார்ப்பார். ஏறுகிற கோட்டுக்காரர்களை வரவழைத்துத் திட்டுவார். இறங்குகிற கோடு வந்தால், "இவங்க நல்லாப் போறாங்க, தொந்தரவு பண்ணாதீங்க" என்று அடுத்ததற்குப் போய்விடுவார். எடை குறைக்கிற இடத்தில், குறைந்தவரைக் கூப்பிட்டு ஏன் குறைந்தாய் என்று யார் கேட்பார்கள்?

மெசேஜ்கள் முதலில் மேலிடத்திலிருந்து தயாராக வந்தன. 'உங்கள் இலக்கை நோக்கிய பயணத்தில் நாங்கள் உங்களுடன் இருக்கிறோம்.' இதைப் படித்துவிட்டு எவனாவது கையிலிருக்கும் எண்ணெய் வடிகிற பலகாரத்தைக் கீழே வைப்பானா? நான் ஒரு காலத்தில் வாழ்த்து அட்டைகளுக்கு வாசகம் எழுதியவன். என் வரிகளைப் படித்துக் கல்யாண வீட்டில் கண் கலங்கியவர்கள் இருக்கிறார்கள். எனவே அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே எழுதினேன். 'மாடிப்படி உங்களைக் காணாமல் ஏங்குகிறது. லிஃப்டுக்கு இன்று ஓய்வு கொடுங்கள்.' கீழே 'அன்புத் தங்கச்சி' என்று கையெழுத்து. அதட்டுகிற தம்பியைவிடக் கெஞ்சுகிற தங்கச்சியின் பேச்சைத்தான் ஜனங்கள் கேட்பார்கள். நர்ஸ் எனக்கு 'மீசை வச்ச தங்கச்சி' என்று பெயர் வைத்தாள். வைத்துவிட்டுப் போகட்டும்.

என் வாசகர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு லாரி டிரைவர், "இப்பதான் சாப்பிட உக்காந்தேன், அப்புறமா அனுப்பு" என்று பதில் போடுவார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் ஐந்து மாதமும் தொண்ணூற்று நாலு என்றே அனுப்பினார். கருவியில் ஏறினாரா என்பதே சந்தேகம். "நீ யாருடி எனக்குச் சொல்ல?" என்று கேட்ட அம்மாளும் உண்டு. எட்டு மாத உழைப்புக்குப் பிறகு கணக்குப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக நானூறு கிராம் குறைந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தையும் சில்லறையையும் எடுத்து வைத்தாலே அவ்வளவு குறையும். டாக்டர் நர்ஸ் முன்னாலேயே கேட்டார்: "இதையெல்லாம் யாராவது படிக்கிறாங்களா, இல்ல நீங்களே எழுதி நீங்களே படிச்சுக்கிறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்கும் அந்த வலி போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரம்மா சேர்ந்தார். ஐம்பத்திரண்டு வயது, கணவர் இல்லை, ஒரே மகள். எண்பத்தெட்டு கிலோ, அறுபத்தைந்துக்கு வர வேண்டும். மற்றவர்கள் எண்ணை விட்டெறிகிற இடத்தில் இவர் கடிதமே எழுதினார். "தங்கச்சி, நீ சொன்னியேன்னு மாடிப்படி ஏறுனேன். மூணாவது மாடியில மூச்சு வாங்கி, யார் வீடுன்னே தெரியாம கதவத் தட்டித் தண்ணி வாங்கிக் குடிச்சேன். அவங்களும் சட்டை தைக்கக் குடுத்துட்டாங்க." மூன்று மாதத்தில் எண்பத்துநாலு. நான் நர்ஸை அழைத்துத் திரையைக் காட்டினேன்.

நாலாவது மாதம் கோடு சரியத் தொடங்கியது. எண்பத்தொன்று, எழுபத்தெட்டு. கூடவே ஒரு வரி: "ரெண்டு வாரமா ரொட்டி தொண்டைக்குக் கீழ சிக்குது தங்கச்சி. தண்ணி குடிச்சாத்தான் இறங்குது."

நான் எழுதிய பதில் இது: 'நொறுங்கத் தின்றால் நூறு வயது, அக்கா. இன்னும் நன்றாக மென்று சாப்பிடுங்கள்.'

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று என் வக்கீல் சொல்லச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் என் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில், உடனே டாக்டருக்கு அனுப்ப வேண்டியவை என்று ஒன்பது விஷயங்கள் இருந்தன. மூன்றாவது, 'விழுங்கச் சிரமம்.' 'விழுங்குவதில் இடர்பாடு' என்று யாரோ எழுதியிருந்ததை, படிக்கிறவனுக்குப் புரிய வேண்டாமா என்று அப்படித் திருத்தியவனே நான்தான். பொத்தான் என் சுண்டுவிரலுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் அழுத்தவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். அழுத்தியிருந்தால் டாக்டர் அவரை வரவழைப்பார். ஏதாவது நோய் என்று கண்டுபிடிப்பார். உடனே அந்தக் கோடு நோயினுடையதாகிவிடும். நூற்று நாற்பது பேரில் ஒரே ஒருத்தி என் எழுத்தைப் படித்து இளைத்தாள், அவளையும் பிடுங்கிக்கொள்வார்கள். கொஞ்ச நாள் போகட்டும், தானே சரியாகிவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

ஐந்தாவது மாதம் எல்லாவற்றையும் கரைத்துக் குடிப்பதாக எழுதினார். 'நீராகாரம் வயிற்றுக்கு இதம்' என்று எழுதினேன். ஆறாவது மாதம், குரல் கம்மிவிட்டது, வாடிக்கையாளர்கள் போனில் யாரோ என்று வைத்துவிடுகிறார்கள் என்றார். 'மௌனம் நல்லது, அக்கா' என்றேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்க்கும் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'நலம், வரத் தேவையில்லை' என்று இரண்டு தடவை குறித்தேன். இரண்டும் என் கையெழுத்துதான். நிபுணரை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஏழாவது மாதம் அறுபத்தைந்தைத் தொட்டார். மகளை எடுக்கச் சொல்லி ஒரு போட்டோ அனுப்பினார். அதைப் பெரிதாக்கி, 'உங்களாலும் முடியும்' என்று கீழே எழுதித் தாழ்வாரத்தில் மாட்டினோம். சட்டை தோளிலிருந்து வழிந்து கிடந்தது. தையல்காரி சட்டை அவளுக்கே பொருந்தவில்லை பாருங்கள் என்று டாக்டர் சிரித்தார். அன்றுதான் முதல் தடவையாக என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

எட்டாவது மாதம் ஐம்பத்தெட்டு. "தங்கச்சி, நீ சொன்ன எடையத் தாண்டியும் இறங்கிக்கிட்டே போகுது. என் சட்டையப் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சும் மாளல. ஒரு நடை டாக்டரப் பாத்துட்டு வரட்டுமா?" நான் எழுதினேன்: 'நன்றாகப் போகிறவர்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதித்து நோயை வாங்கிக்கொள்வானேன்? உங்களுக்கு ஒன்றும் இல்லை, அக்கா.'

அடுத்த புதன்கிழமை மதியம் மகள் வந்தாள். நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். கையில் அம்மாவின் போன்.

"இங்க தங்கச்சின்னு மெசேஜ் அனுப்புறவங்க யாருங்க சார்?"

"அவங்க இன்னைக்கு லீவும்மா. என்ன விஷயம்?"

"அம்மாவுக்குத் தண்ணிகூட இறங்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட வாம்மான்னா, தங்கச்சி வேணாம்னு சொல்லியிருக்கா, அவ சொன்னா வர்றேன்னு அடம் பிடிக்குது. பெத்த பொண்ணு பேச்சு எடுபடல. ஒரே ஒரு மெசேஜ் போடச் சொல்றீங்களா சார்? வந்துடும்மான்னு ஒரு வரி போதும்."

"கண்டிப்பா சொல்றேம்மா."

"மறந்துடாதீங்க சார்."

எழுதி வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அவள் எதிரிலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதியும் வைத்தேன். அவள் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது, ஐயா. பெற்ற மகளின் சொல்லைவிட என் ஒரு வரிக்கு மதிப்பு. எத்தனை பெரிய எழுத்தாளனுக்கு இப்படி ஒரு வாசகி கிடைப்பாள்?

மறுவாரம் வியாழக்கிழமை நாலு ஆஸ்பத்திரிகளின் டாக்டர்கள் வந்தார்கள். தையல்காரம்மாவின் கோட்டைச் சுவரளவுக்குப் போட்டுக் காட்டி, என் வரிகளை நானே வாசித்தேன். கைதட்டினார்கள். அது முடிந்ததும் மெசேஜ் போட்டுவிடலாம் என்று இருந்தேன். அப்புறம் இரண்டு இடத்திலிருந்து என் வாசகங்களைக் கேட்டு எழுதினார்கள். அந்த வேலை வந்துவிட்டது. திங்கட்கிழமை அவருக்குப் போனது இதுதான்: 'எல்லையைத் தாண்டியவர்களுக்குத்தான் புது எல்லை தெரியும். தைரியமாக இருங்கள், அக்கா.'

ஐந்து வாரம் கழித்து மகள் அம்மாவைத் தூக்கிக்கொண்டே வந்தாள். நாற்பத்தொன்பது கிலோ, தூக்க முடிந்தது. உணவுக்குழாயை அடைத்துக் கட்டி. "ஆரம்பத்துலயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். பத்தொன்பது நாளில் போய்விட்டார். கடைசி வாரத்தில் பேச முடியாமல், தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாராம். அவர் படுத்திருந்த வார்டுக்கு இரண்டு மாடி கீழேதான் நான் இருந்தேன். மீசையோடு எப்படிப் போய் நிற்பது?

உங்கள் அறிக்கையைப் படித்தேன். மறைத்தேன், தடுத்தேன், பொய் சொன்னேன் என்று இருக்கிறது. மூன்றும் சரி. வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டால், ஆமாம். ஆனால் நாலாவது பத்தியில், 'எடை குறைந்தது முழுக்க நோயினால். மெசேஜ்களால் ஒரு பயனும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, இது அடுக்குமா? தொண்டையில் சிக்குகிறது என்று அவர் சொல்வதற்கு முன்பே நாலு கிலோ குறைந்திருந்ததே? அந்த மூன்று மாதமும் பஸ் வராததால்தான் அம்மா தையல் கடைக்கு நடந்து போனார் என்று மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். தாயைப் பறிகொடுத்த பெண், ஏதோ சொல்லத்தான் செய்வாள். பஸ் வராதது உண்மையாகவே இருக்கட்டும். நடங்கள் என்று எழுதியது நான்தானே? அந்த நாலு கிலோவை மட்டும் என் பெயரில் திருத்தி எழுதிக் கொண்டுவாருங்கள், ஐயா. மீதியைக் கொலை என்றே போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.